மட்டையர் மறித்த தெரு

லண்டன் வால்தம்ஸ்டோ முழுவதிலும் ஒழுங்காகக் கார் நிறுத்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்று மட்டையர் நம்பினார். அவருக்கோ கார் ஓட்டவே தெரியாது.

எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் அவர்; மட்டையர் என்பது நாங்கள் வைத்த பெயர். உலகப் போரில் விமானந்தாங்கிக் கப்பலில் வேலை. ஆடுகிற தளத்தின் ஓரத்தில் இரண்டு மட்டைகளோடு நின்று, இறங்கி வருகிற விமானங்களுக்குச் சைகை காட்டுவாராம். கைகளை நேராக நீட்டினால், வா. குறுக்காக வைத்தால், சரியில்லை, இன்னொரு சுற்றுப் போய் வா. எண்பதுகளில் எங்கள் தெருவில் கப்பல் இல்லாதபடியால், மேசைப்பந்து மட்டைகளோடு எங்கள் கார்களைப் பிடித்துக்கொண்டார். அதில் ஒன்றுக்கு ரப்பர் உரிந்திருக்கும், அது கிடக்கட்டும்.

முன்வீட்டுச் சின்னராசா அண்ணை ஒருநாள் சுற்றிச் சுற்றிக் களைத்து வந்து இறங்கினார். "ஹீத்ரோ எயார்போட்டிலைகூட என்னை இவ்வளவு நேரம் மறிச்சு வைக்கேல்லையடாப்பா."

"நீங்கள் வளைச்சதும் பிழைதானே அண்ணை," என்றேன்.

"ஓ, நீயும் அவரின்ரை கட்சியோ?"

மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த காலை, தெரு கண்ணாடியாய் உறைந்திருந்தது. சரிவான தெரு வேறு. முனையில் திரும்பினால் மட்டையர், கைகள் குறுக்காக.

"இஞ்சேருங்கோ, பிள்ளை பாலுக்குக் கத்துது. ஹோர்னை அடியுங்கோ," என்றாள் மனைவி.

"அந்தாள் விடாது."

"நானும் பிள்ளையும் லண்டனைச் சுத்திப் பாக்கவோ வந்தனாங்கள்?"

சுற்றிப் போய் வந்தோம். இப்போது கைகள் நேராக நீண்டிருந்தன. பாதிச் சரிவில் பிரேக்கை மிதித்தேன். பிடிக்கவில்லை. கார் அவரை நோக்கியே வழுக்கியது. மனைவி பிள்ளையை நெஞ்சோடு அமத்தினாள். மனுசன் விலகவில்லை. ஒரு மட்டையை மட்டும் மெல்ல நடைபாதைப் பக்கம் சாய்த்தார். ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்பினேன். சில்லுகளுக்குக் கீழே ஏதோ கரகரத்தது. அவருடைய முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

இறங்கிப் பார்த்தால், நடைபாதையோரம் முழுக்கச் சாம்பல். எங்களைச் சுற்ற அனுப்பிவிட்டு, சில்லு வழுக்காமலிருக்கத் தன் வீட்டுக் கணப்படுப்புச் சாம்பலை வாளியோடு கொட்டியிருக்கிறார்.

ஏன் விலகவில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். கப்பலில், ஆபத்தென்றால் அவர் குதிப்பதற்குப் பக்கத்தில் வலை கட்டியிருக்குமாம். ஒருநாள் விமானமொன்று தளத்தில் மோதிச் சரிந்து வந்தது. குதித்துவிட்டார். விமானம், ஓட்டிவந்த பையனோடு கடலுக்குள் போய்விட்டது.

"அந்தப் பையன் கடைசியாகப் பார்த்தபோது நான் அங்கே இல்லை," என்றார்.

மனைவி காருக்குள்ளிருந்து சொன்னாள்: "அந்த மனுசன் எவ்வளவு நேரமாக் குளிரிலை நிக்குது. உள்ளுக்கு வரச் சொல்லிப்போட்டு, நீங்கள் தேத்தண்ணியை வையுங்கோ."

மகள் பேசத் தொடங்கியபோது, அப்பாவின் அப்பாவைக் கூப்பிடுவதுபோல அவரை அப்பப்பா என்று கூப்பிட்டாள். நாங்கள் திருத்தவில்லை.