கத்தரி ஆபீசர் பெண் பார்க்கப் போனார்

செடிகொடிகளுக்குக் கால் இருந்திருந்தால், எழுபதுகளில் காரைக்குடிப் பக்கம் ஒரு செடிகூட மிஞ்சியிருக்காது. கத்தரி ஆபீசரின் சைக்கிள் மணி கேட்டதுமே அத்தனையும் ராமேசுவரம் ரயிலைப் பிடித்திருக்கும்.

கோயம்புத்தூர் போய், காலேஜில் தோட்டக்கலை படித்து வந்தவர். சர்க்கார் நாற்றுப்பண்ணையில் உத்தியோகம். ஆறாவதோடு நின்று, லாரி, ஓட்டல், செங்கல் சூளை என்று சுற்றிய நான் அங்கே தினக்கூலிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவருடைய டிபன் கேரியரில் ஏதாவது மிஞ்சினால் எனக்கு மதியச் சாப்பாடு. மிஞ்சாவிட்டால் பண்ணைக் கொய்யா.

படித்ததிலேயே அவருக்கு உயிர், கவாத்து. கிளையை வெட்டிவிட்டால் புதுத் துளிர் வரும் என்கிற பாடம். செடி வெட்டும் கத்தரி மடியைவிட்டு இறங்காது; பெயரும் அதனால் வந்ததுதான். கொத்தமங்கலத்தில் ஓர் ஆச்சி மாங்கன்று வேண்டுமென்று வரச்சொன்னார். அவர் காப்பி கலந்து எடுத்து வருவதற்குள், கொல்லையில் கூரையைத் தொட்டு நின்ற கறிவேப்பிலை மரம் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. பார்த்த ஆச்சி அந்தக் காப்பியைத் தானே குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

குன்றக்குடிக் கோயிலில் குருக்கள் தன் கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றி, மொட்டு மொட்டாகப் பிரித்துப் பார்த்து, புழு இருக்கிறது என்றார். பின்னால் நின்றவர்களும் பயந்துபோய்த் தங்கள் மாலைகளைப் பிரித்தார்கள்.

இப்படிப்பட்டவருக்குப் பெண் கிடைக்கவில்லை. கூடப் படித்தவர்களில் ஒருவர் ஊட்டிப் பழத்தோட்டத்துக்கும், ஒருவர் விதைக் கம்பெனிக்கும் போனார்கள். இன்னொருவர் பாங்கில் கிணற்றுக்குக் கடன் கொடுக்கும் ஆபீசர். எல்லாருக்கும் கல்யாணமாகிவிட்டது. இவர் போன வீடுகளில் பேச்சு இப்படித்தான் போகும்:

"என்ன படிச்சிருக்கீக?"

"தோட்டக்கலை."

"அது சரி. காலேஜுல என்ன படிச்சீக?"

கடைசியாகச் சாக்கோட்டையில் ஒரு மரவேலை ஆசாரி வீட்டில் வரச்சொன்னார்கள். இவருடைய அப்பாவும் ஆசாரிதான். இதுவும் தட்டிப்போனால் இனி மகனோடு எந்த வீட்டு வாசப்படியும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கிளம்பும் முன் மகனை நிறுத்தி வைத்து, பை, மடி எல்லாம் தடவிப் பார்த்தார். கத்தரியைப் பிடுங்கிப் பரணில் போட்டார். தாம்பாளம் தூக்க நானும் போனேன்.

கத்தரியைப் பிடுங்கிய புத்திசாலிக்கு ஒன்று தோன்றவில்லை. நாங்கள் போனது ரம்பமும் உளியும் சுவரெல்லாம் தொங்குகிற வீடு.

பெரியவர்கள் கேசரியில் கைவைத்த நேரம், மாப்பிள்ளை கை கழுவக் கொல்லைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அறுக்கிற சத்தம் கேட்டது. எல்லாரும் ஓடினோம். சுவர் ஏறிப் பந்தலை மூடிக் கிடந்த மல்லிகைக்கொடி தரையில் கிடந்தது. மாப்பிள்ளை கையில், பெண்ணின் அப்பா வேறு யாரையும் தொடவிடாத ரம்பம்.

பெண் பார்க்க வந்த நாளில் பூச்செடியை அறுத்த மாப்பிள்ளையை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. இவருடைய அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒரு கிழவி வாயில் போட்ட கேசரியை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

"பூ வச்சுப் பேச வந்தீகளா, பூச்செடிய அறுக்க வந்தீகளா?" என்றார் பெண்ணின் அப்பா.

"கார்த்திகை மாசம் அறுக்கலைன்னா வர்ற வருசமும் எலதான் வரும் மாமா."

"யாருக்கு யாரு மாமா? ரம்பத்தைக் கீழ வைங்க."

கீழே வைத்தார். அவருடைய அப்பா என்னிடம் தாம்பாளத்தை எடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். இனி இவருக்கு இந்த ஜில்லாவில் பெண் இல்லை என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் பட்டுச்சேலையோடு பெண் கொல்லைக்கு வந்தது. இரண்டு வருஷமாக ஒரு மொட்டுகூட வைக்காத கொடியை வெட்டிவிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி அது அலுத்துப்போயிருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அறுத்த இடத்தை ஒரு சுற்றுப் பார்த்தது. அழப்போகிறது என்று நினைத்தேன்.

"அங்குட்டு ஒரு கொப்பு விட்டுப்போச்சு," என்றது.

குனிந்து ரம்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தது.

தையில் கல்யாணம். வாசலில் குலையோடு வாழைமரம் கட்டியிருந்தார்கள். பூவை ஒடித்துவிட்டால் காய் திரளும் என்று மாப்பிள்ளை மணவறையிலிருந்தே எட்டி எட்டிப் பார்த்தார். தாலி கட்டி முடியும்வரை அவரை அங்குட்டு விடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பெண்வீட்டார் எனக்குக் கொடுத்தார்கள்.

எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலையைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்த ஒரு வேலை அன்றோடு முடிந்ததில்தான் எனக்கு இன்னும் வருத்தம்.