வெளுத்துப் போட்ட பன்னிரண்டு துணிகள்

அன்று நடந்தவை, வரிசைப்படி:

1. காலை ஏழு மணிக்குக் கழிவுநீர்க் குட்டையின் கம்பிவேலியில் பன்னிரண்டு அழுக்குத் துணிகள் தொங்குவதைப் பார்த்தேன்.
2. ஏழேகாலுக்கு அவற்றைச் சலவைக்கு அனுப்பினேன்.
3. இரண்டு மணிக்கு அவை நீலம் போட்டுப் பளிச்சென்று திரும்பி வந்தன. வேலியிலேயே காயப்போடச் சொன்னேன்.
4. மூன்று மணிக்கு தர்மபுரியிலிருந்து மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஜீப் வந்தது.
5. மூன்றேகாலுக்கு வேட்டிக்காரர் வந்தார்.

தன் வேட்டியைக் கிழித்துச் சாக்கடைக்குக் கட்டிவிட்ட மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று அடித்துச் சொல்வேன். எங்கள் ஊர்ச் சாக்கடை மூன்று குட்டைகளில் தங்கித் தெளிந்து, ஓடை வழியாகக் கீழூர் ஏரிக்குப் போகும். அந்தக் குட்டைகளுக்கு அவர் காவல்காரர்.

ஊரில் யாரும் அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் மறுநாள் பெண் வீட்டு வாசலில் வந்து நிற்பார். "நேத்து வடைக்கு எண்ணெ ஜாஸ்தியா போச்சுங்க. மொதக் குட்டையில ஏடு கட்டி நிக்குது. அடுத்த பொண்ணுக்குப் பாத்துப் பண்ணுங்க." கூப்பிடாவிட்டாலும் வருவார். விருந்தில் என்னென்ன பரிமாறினார்கள் என்று குட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

வாரம் ஒரு துண்டு வேட்டி கிழித்து, மூன்றாம் குட்டையின் வாய்க்காலில் கட்டுவார். தண்ணீர் தெளிந்திருந்தால் துணியில் இளம்பச்சை ஏறும். மரவள்ளிக் குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை தன் கழிவைக் குட்டைக்குள் திறந்துவிட்ட வாரமென்றால், துணி கொழகொழத்துக் கறுத்து, புளித்த வாடை அடிக்கும். கணுக்காலில் இருந்த வேட்டி இப்படியே முழங்காலுக்கு ஏறிவிட்டது. "சாக்கடைக்கு வேட்டி கட்டி வுட்டுட்டு நீ கோமணத்தோட திரி" என்று அவர் மனைவி திட்டுவது குட்டைக்கரை வரை கேட்கும்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. குட்டைத் தண்ணீரைச் சோதிக்கும் பரிசோதனை உதவியாளராக நான் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. கீழூர் ஏரியில் மாடுகள் வாய் வைப்பதில்லை, கரைக் கிணறும் புளித்துவிட்டது என்று அந்த ஊர்க்காரர்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். அதிகாரி வரும் நாளில் கண்கூடாகக் காட்டிவிடலாம் என்று, வேட்டிக்காரர் கொட்டகையில் சேர்த்துவைத்த துணிகளை விடியற்காலையில் வார வரிசைப்படி வேலியில் தொங்கவிட்டு, அவர்களை அழைத்துவர நடந்தே கீழூர் போயிருந்தார். நானோ அதிகாரி பார்வையிட வருமுன் செய்ய வேண்டியவற்றைப் பட்டியல் போட்டிருந்தேன். புல் வெட்டுதல், சுண்ணாம்பு தூவுதல், வேலித் துணிகளைச் சலவைக்குப் போடுதல்.

ஆலை அன்று புத்திசாலித்தனமாக மூடியிருந்தது. அதிகாரி கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்துப் பார்த்தார். வேலியைப் பார்த்து, "தோரணமெல்லாம் கட்டியிருக்கீங்க போல" என்றார். திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கீழூர்க்காரர்கள் நாலு பேருடன் வேகமாக வந்த வேட்டிக்காரர் வேலியருகே நின்றுவிட்டார். ஒரு துணியைத் தொட்டார், முகர்ந்தார். என் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

வந்தவர்களில் ஓர் அம்மா கேட்டார்: "என்னய்யா, கண்ணுல காட்டறேன்னு இத்தன தூரம் கூட்டியாந்த. எல்லாம் வெள்ளவெளேர்னு இருக்குது?"

"நாந்தானுங்க தொவைக்கப் போட்டேன்" என்றார் அவர். "நாத்தம் தாங்கலைன்னு வூட்ல ஒரே சண்டைங்க."

"உம் பொண்டாட்டி மூக்குக்கு எங்க ஏரிதானா கெடச்சுது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் அனுப்பினேன் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். ஜீப்பும் கிளம்பியிருக்கவில்லை. நான் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு, "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க புதுசுங்க அம்மணி. நாம பழைய ஆளு. திட்டு வாங்கிப் பழக்கம்" என்றார். பிறகு, "நீலம் கொஞ்சம் தூக்கலுங்க" என்றார்.

இன்றைய நிலை: ஆலையின் குழாய் மூடப்படவில்லை. மாடுகள் இன்னும் ஏரியில் குடிப்பதில்லை. துணிகளைச் சலவைக்குப் போட்டது நான்தான் என்று தர்மபுரிக்கு எழுதினேன், பதில் இல்லை. கீழூரில் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்கள். வேலியில் மறுபடி ஏழு துணிகள் தொங்குகின்றன. ஏழும் என் வெள்ளைப் புடவையிலிருந்து கிழித்தவை. அவர் வேட்டி இனிமேல் குட்டையாகக் கூடாது.