துரை என்ன சொல்லுதான்னா

நாய் வளர்ப்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். நாய்க்காகப் பேசுபவர்கள் தனி இனம்.

அடையாளம் காண்பது எளிது. நாய் ஒருமுறை குரைத்தால் இவர்கள் நான்கு வாக்கியம் பேசுவார்கள். நாய் சும்மா இருந்தால் எட்டு. அது கொட்டாவி விட்டால், "நீங்க வந்ததுல அவனுக்கு ரொம்ப சந்தோஷம்" என்பார்கள். வந்தவரும் வேறு வழியில்லாமல் கொட்டாவி விட்ட வாயைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு உட்காருவார். நாய் என்ன நினைக்கிறது என்று யாராவது நாயைக் கேட்டதுண்டா? எதற்குக் கேட்க வேண்டும்? அதற்குத்தான் இவர்கள் இருக்கிறார்களே!

பாளையங்கோட்டை மகாராஜநகரில் குடியிருக்கும் சிவசைலம் இந்த இனத்தில் முதல் தரம். நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பத்திரம், வாக்குமூலம், பாகப்பிரிவினை என்று எதை நீட்டினாலும் தமிழை இங்கிலீஷாக்கி, இங்கிலீஷைத் தமிழாக்கி, கீழே கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தியவர். அவர் ஓய்வு பெற்ற மறுமாதம் மகள் ஒரு குட்டி நாயைக் கொண்டுவந்து மடியில் போட்டுவிட்டு பெங்களூருக்கு ரயில் ஏறிவிட்டாள். அதன் அப்பா லேப்ரடார். அம்மா யார் என்று அவரிடம் கேட்கக் கூடாது. துரை என்று பெயர் வைத்தார். வேலை மறுபடியும் கிடைத்துவிட்டது.

துரை தெருவில் போகிற பழவண்டியைப் பார்த்துக் குரைக்கும். "கோவம் இல்லவே. கொய்யா செங்காயா பழமான்னு கேக்கான்." பூனையைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளியும். "பயம்னு நெனச்சீரோ? குட்டி போட்ட பூனைல்லா, மரியாதை குடுக்கான்." மத்தியானம் நான்கு காலையும் நாலு திசையில் எறிந்துவிட்டுக் குறட்டை விடும்.

"யோசிக்கான்."

இந்தத் திறமை நாயோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவருக்குக் கோமு என்று ஒரு மனைவியும் உண்டு. "சௌக்கியமா மதினி?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டால், "மூட்டுவலிதான், ஆனா வெளிய சொல்ல மாட்டா" என்று சிவசைலத்திடமிருந்து பதில் போகும். எந்த மூட்டு என்று கோமு அப்போதுதான் தடவிப் பார்ப்பாள். ஹோட்டலில் சர்வர் வந்து நிற்பார். கோமு வாயைத் திறப்பாள். "அவளுக்கு ரவா தோசை" என்பார் இவர். திறந்த வாய்க்கு ரவா தோசை வந்து சேரும். முப்பத்து நான்கு வருஷமாக.

இப்படி இருக்கையில்தான் கால்நடை மருத்துவர் ஹபீப் முகம்மது வீட்டு நாய்களுக்கு மோப்பப் போட்டி ஒன்றை அறிவித்தார். ஜெயிப்பதற்கல்ல, நாயோடு நல்லபடியாகப் பழகுவதற்கு என்று நோட்டீசிலேயே போட்டிருந்தார். கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சை ஒரு சின்னத் தகர டப்பியில் அடைத்து, மூடியில் துளை போட்டு, எங்காவது ஒளித்து வைப்பார்கள். நாய் மோந்து கண்டுபிடித்து அந்த இடத்தில் உட்கார வேண்டும். உடனே அதைப் பிடித்து வருபவர் கையைத் தூக்கி, 'இங்கே' என்று சொல்ல வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரே வாய்ப்பு. டப்பி எங்கே இருக்கிறதென்று பிடித்து வருபவருக்கும் தெரியாது.

இந்தக் கடைசி வரியை சிவசைலம் படிக்கவில்லை. அல்லது அது மற்றவர்களுக்கு எழுதியது என்று நினைத்துக்கொண்டார்.

ஆறு வாரம் பயிற்சி நடந்தது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரே டப்பியை பீரோவுக்கு அடியிலோ செருப்பு அலமாரிக்குப் பின்னாலோ ஒளித்து வைப்பார். அவரே வந்து துரையின் கயிற்றைப் பிடிப்பார். பிடித்ததும் பேச்சு ஆரம்பிக்கும். "தேடுலே ராஜா, பைய, பைய, அவசரப்படாத, அங்கன இல்ல, ஆங்..." டப்பி இருக்கும் இடம் நெருங்க நெருங்க அவர் கால் மெதுவாகும், குரல் மேலே ஏறும், புருவம் நெற்றியைத் தொடும். துரை அண்ணாந்து அந்த முகத்தைப் பார்க்கும். உட்காரும். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. அது மோந்தது கிராம்பையா, சிவசைலத்தின் மூஞ்சியையா? இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. தெரு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தினம் ஓர் அறிவிப்பு வந்தது: 'இன்றும் நூற்றுக்கு நூறு. முதல் பரிசு வாங்கித் தருவதாகத் துரை சொல்லியிருக்கிறான்.'

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்ணார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். ஆற்றுப்பக்கமிருந்து கொஞ்சம் காற்று வந்துகொண்டிருந்தது. பதினோரு நாய்கள். நடுவர் தேவமணி, போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற மனிதர். சிவசைலம் இஸ்திரி போட்ட சட்டையோடு துரையைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் பாட்டிலோடு கோமு. வீட்டு வேலைக்கு வரும் முத்துராணி, "நானும் பாக்க வாரேன் அண்ணாச்சி" என்று தானாகவே ஆட்டோவில் ஏறியிருந்தாள். ஒரு நாய்ப் போட்டியில் இவளுக்கு என்ன அப்படி ஓர் அக்கறை என்று அவருக்குத் தோன்றவில்லை.

முதல் சுற்றில் பன்னிரண்டு அட்டைப் பெட்டிகள், வரிசையாக. துரை மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று போனது. ஐந்தாவது பெட்டியில் உட்கார்ந்தது.

சிவசைலம் பெட்டியைப் பார்த்தார். பெட்டி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"வெயில்லா, அதான் உக்காந்துட்டான்" என்று தேவமணியிடம் விளக்கினார். "துரை என்ன சொல்லுதான்னா, 'கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிடுதேன்'னு சொல்லுதான்."

கயிற்றை இழுத்தார். துரை எழுந்து எட்டு வரைக்கும் போய், தானாகத் திரும்பி வந்து, ஐந்தில் மறுபடியும் உட்கார்ந்தது. இந்த முறை வாலையும் ஆட்டியது. "பாத்தீரா, எவ்வளவு களைப்புன்னு!" என்று மறுபடி இழுத்துக்கொண்டு போனார். ஒன்பதாவது பெட்டி என்னவோ அவருக்குப் பிடித்திருந்தது. கால் மெதுவானது, குரல் ஏறியது, புருவம் மேலே போனது. துரை அந்த முகத்தை அண்ணாந்து பார்த்தது. தெரிந்த முகம். சரி, உங்களுக்காக என்பதுபோல் உட்கார்ந்தது.

"இங்கே!"

தேவமணி ஐந்தாவது பெட்டியைத் திறந்து டப்பியை எடுத்துக் காட்டினார்.

"இன்னைக்கு அவனுக்கு மனசு சரியில்ல" என்று சிவசைலம் கூட்டத்துக்கு அறிவித்தார். துரை பக்கத்தில் நின்ற ஒரு குட்டைக்கால் நாயோடு குதித்து விளையாடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது சுற்று ஒரு வகுப்பறையில். துரை நேராகப் போய் ஆசிரியர் மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டது. "வாத்தியார் மேசையைக் கண்டா மரியாதைக்கு உக்காருவான், சின்ன வயசுல இருந்தே அப்படி" என்று சொல்லி, அதை இழுத்துக்கொண்டு போய் மூலையிலிருந்த இரும்பு பீரோவைக் காட்டினார் சிவசைலம். டப்பி மேசை இழுப்பறையில் இருந்தது.

வெளியே வந்ததும் தேவமணி அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. நாய் ரெண்டு தடவையும் சரியாத்தான் சொல்லிச்சு."

"என்ன சொல்லிச்சு?"

"'இங்கன இருக்கு'ன்னு சொல்லிச்சு. அவ்வளவுதான். அதுக்கு மேல அது ஒண்ணுமே சொல்லல."

எத்தனை சின்ன வாக்கியம்! சிவசைலத்துக்குக் காது மடல் சுட்டது. முப்பத்தோரு வருஷத்தில் அவர் மொழிபெயர்ப்பைத் தப்பு என்று ஒரு ஜட்ஜும் சொன்னதில்லை. சட்டைப்பையில் போன் விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. தெருவே முடிவைக் கேட்கிறது. இத்தனை நாளாகத் துரை தன்னிடம் பேசியதெல்லாம் வேறு யாரோ பேசியதா? அந்த யோசனையே அவருக்கு ஆகவில்லை. சட்டென்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஹபீப் முகம்மதுவிடம் போனார்.

"கெளம்புவோம் டாக்டர். துரைக்கு இஷ்டமில்ல. கோமுவுக்கும் வெயில் ஒத்துக்கல, வீட்டுக்குப் போவோம்னு சொல்லுதா."

"நான் எங்க சொன்னேன்?" என்றாள் கோமு.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிவசைலமும், யாரோ புதிதாக வந்து பேசுவதுபோல, திரும்பித்தான் பார்த்தார். கோமு தண்ணீர் பாட்டிலை முத்துராணியிடம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"கயித்த இங்கன குடுங்க. மூணாவது சுத்துக்கு நான் போறேன்."

"ஒனக்குப் பயமா இருக்கும்ளா. இத்தனை பேர் முன்னால..."

"எனக்குப் பயம்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

யார் சொன்னது? சிவசைலம் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். தகவல் வந்த வழி முழுவதும் அவருடைய கையெழுத்தாகவே இருந்தது. "ஆள் மாறலாமா?" என்று டாக்டரைப் பார்த்தார், மாறக் கூடாது என்று அவர் சொல்வாரென்ற நம்பிக்கையில். "தாராளமா மாறலாம், நீங்க போங்கம்மா" என்றார் ஹபீப் முகம்மது.

மூன்றாவது சுற்றில் வண்டிகள். ஒரு வேன், ஒரு ஜீப், இரண்டு ஸ்கூட்டர், ஓர் ஆட்டோ. கோமு கயிற்றைத் தளர விட்டுப் பின்னால் நடந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக சிவசைலம் வேலிக்கயிற்றுக்கு இந்தப் பக்கம், பார்வையாளராக நின்றார். துரை வேனைச் சுற்றியது, ஸ்கூட்டர்களைத் தாண்டியது, ஆட்டோவைக் கடந்து ஜீப்புக்குப் போய், தலையைத் தூக்கிக் காற்றை மோந்து, திரும்பி வந்து ஆட்டோவின் பின் சக்கரத்தில் உட்கார்ந்தது.

ஐயோ! அந்த ஆட்டோக்காரர் காலையில் பரோட்டா பார்சலைப் பின்னால் வைத்ததை சிவசைலம் கண்ணால் பார்த்திருந்தார். துரை சால்னாவுக்கு உட்கார்ந்திருக்கிறான்! அவர் வாய் திறந்துவிட்டது.

"அண்ணாச்சி, பைய" என்று முத்துராணி அவர் முழங்கையைத் தொட்டாள். "சத்தம் போட்டா மார்க்கு போயிரும்."

கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். கோமு ஆட்டோவைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்க்கவில்லை. லேசாகக் குனிந்து துரையைப் பார்த்தாள். துரை அவளைப் பார்த்தது. ஐந்து நொடி இருக்கும். அந்த ஐந்து நொடியில் சிவசைலம் பதினொரு வாக்கியம் விழுங்கினார்.

கோமு கையைத் தூக்கினாள். "இங்கன."

தேவமணி சக்கரத்துக்கு மேலே கைவிட்டுத் தகர டப்பியை எடுத்தார். முப்பத்தெட்டு நொடி. அந்தச் சுற்றில் அதைவிட வேகமாக எந்த நாயும் எடுக்கவில்லை. கூட்டம் கை தட்டியது. கோமு யாருக்குத் தட்டுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் முதல் இரண்டு சுற்றும் சுழியாகிவிட்டதால் மொத்தத்தில் எட்டாவது இடம்தான். முதல் பரிசு மணிமுத்தாறிலிருந்து வந்த வன்னியராஜின் சிப்பிப்பாறை நாய்க்குப் போயிற்று.

திரும்பும் ஆட்டோவில் துரை எல்லார் காலிலும் படுத்துக்கொண்டது. கொஞ்ச தூரம் போனதும் சிவசைலம் கேட்டார்: "எப்பிடிளா கண்டுபிடிச்ச?"

முத்துராணிக்கு அடக்க முடியவில்லை. "நாங்கதான் தெனம் பதினொரு மணிக்கு வெளாடுவோம்லா அண்ணாச்சி! நீங்க லைப்ரரிக்குப் போன பொறவு நான் டப்பிய ஒளிச்சு வைப்பேன். யக்காவுக்கும் தெரியாது, தொரைக்கும் தெரியாது. ரெண்டு பேரும் தேடுவாங்க."

"எத்தன நாளா?"

"நோட்டீசு வந்ததுல இருந்து."

ஆறு வாரம்! தன் வீட்டில், தன் நாயோடு, தனக்குத் தெரியாமல் ஒரு சந்தோஷம் நடந்திருக்கிறது. "எங்கிட்ட ஒரு வார்த்தை ஏன் சொல்லல?" என்று கேட்டபோது அவர் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது.

"ரெண்டு தடவ சொல்ல வந்தேன்" என்றாள் கோமு. "'கோமு என்ன சொல்ல வாரான்னா'ன்னு நீங்க ஆரம்பிச்சுட்டீக. முடிவுல பாத்தா, நான் காபித்தூள் தீந்துட்டுன்னு சொன்னதா ஆயிட்டு. நீங்களும் போய் வாங்கிட்டு வந்துட்டீக."

அதற்குப் பிறகு மகாராஜநகர் வரைக்கும் சிவசைலம் பேசவில்லை. அண்ணாச்சிக்கு உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று ஆட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தார்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து அவர் மெல்ல ஆரம்பித்தார். "கோமு, அடுத்த மாசம் தென்காசியில ஒரு போட்டி இருக்காம். போலாமா? நீ என்ன சொல்லுத?"

கேட்டார். கேட்டுவிட்டு நிறுத்தினார். அதுதான் செய்தி. மின்விசிறி சுற்றியது. கேள்வி நிஜமாகவே தனக்குத்தானா என்று கோமு பார்த்துக்கொண்டிருந்தாள். சிவசைலத்தின் தொண்டையில் 'போலாம்னுதான் சொல்லுத' என்பது ஏறி இறங்கி ஏறி இறங்கியது.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று எழுந்து உள்ளே போனாள்.

சாயங்காலம் டாக்டர் போன் செய்தார், பேர் கொடுக்கலாமா என்று. சிவசைலம் வாயைத் திறந்தார். மூடினார். "அவகிட்டயே கேளுங்க" என்று போனை நீட்டிவிட்டு, அவளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"வாரோம் டாக்டர்" என்றாள் கோமு. "கயித்த நான்தான் பிடிப்பேன்னு எழுதிக்கோங்க. அவுகளும் வருவாக."

கணவரைத் திரும்பிப் பார்த்து, "வருவீகல்லா?" என்று கேட்டாள்.

நீங்கள் இந்த இனத்தில் சேர்த்தி இல்லை. எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் நாயே கிடையாது. படிக்கும்போதே வேறு யாரோ ஒருவர் முகம் உங்களுக்கு வந்து, அவர்தான் இது, அச்சு அசல் அவரேதான் என்று சிரித்தும் இருப்பீர்கள். நல்லது. இப்போது இதைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவீர்கள். அவர் படித்து முடித்து முகத்தைத் தூக்குவார். "நல்லா இருக்குல்லா? ஒங்களுக்குப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும்" என்று நாக்கு நுனிக்கு வரும்.

வந்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள். அவர் இன்னும் வாயே திறக்கவில்லை.