விளக்கெரியும் லேப்டாப்

லேப்டாப் வாங்குவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவுக்குக் கனகாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பாக்கி. எங்கள் வீட்டு நடைமுறை அப்படி.

நான் பொன்னுவேல். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் உத்தியோகம். கனகா என் மனைவி, எஸ்டேட் ஆபீசில் கிளார்க். அவள் எடுத்த சீட்டுப் பணம் பீரோவில் இருக்கிறது, பீரோ சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. எனக்கு வேண்டியதோ கீபோர்டில் கலர் கலராக விளக்கெரியும் கேம் லேப்டாப். கார் ரேஸ் ஆடப் போகிறேன் என்று சொன்னால் பீரோ திறக்குமா? திறக்காது. அதனால் ஒரு திட்டம் போட்டேன். என் மூளையை நினைத்தால் சில சமயம் எனக்கே பயமாக இருக்கிறது.

எங்கள் ஊர் ஒண்டிக்கடை ஸ்டாப்பிலிருந்து மஞ்சக்குட்டை கிராமத்துக்குப் போகும் ஷேர் ஜீப்புக்கு நேரம் காலம் கிடையாது. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். ஒருத்தர் குறைந்தாலும் டிரைவர் அன்பழகன் ஸ்டியரிங் பக்கமே போக மாட்டான். ஊரே அவனுக்குப் போன் போட்டு, "எத்தன பேரு ஏறியிருக்காங்க?" என்று கேட்கும். நிம்மதியாக ஒரு டீ குடிக்க விடாது. இதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்புள்ள, ஜீப்புல எத்தன சீட்டு நெறஞ்சிருக்குதுன்னு போன்லயே காட்டற மாதிரி ஒரு ஆப் செய்யலாம்னு இருக்கறேன்."

"யாருங்க செய்யறது?"

"வேற யாரு, நாந்தான்."

இட்லிக் குண்டானை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "நொம்ப நல்ல யோசனைங்க. அதுக்கு என்ன வேணும்?"

"ஒரு லேப்டாப். கொஞ்சம் பெரிசாவே."

"வாங்கிப்புடலாமுங்க. ஞாயித்துக்கெழம சேலம் போலாம்."

இத்தனை சுலபமாகச் சம்மதித்தாளே என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது. அன்றைக்கே சேலத்துக் கம்ப்யூட்டர் கடை ஹரிஹரனுக்குப் போன் செய்தேன். எங்கள் லாட்ஜில் தங்கியபோது பள்ளத்தாக்கு தெரியும் ரூமாகப் பார்த்துக் கொடுத்ததில் பையனுக்கு என்மேல் தனி மரியாதை.

"ஹரி, எங்கூட்டுக்காரி எதத் தொட்டாலும், 'ஆப் வேலைக்கு ஆகாதுங்க்கா'ன்னு சொல்லிடு. விளக்கெரியறத மட்டும் ஆகும்னு சொல்லு."

"கவலைய விடுங்கண்ணா."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மலை இறங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கடையில் ஹரிஹரன் வெளுத்து வாங்கினான். கனகா ஒன்றைத் தொட்டாள். "ஆகாதுங்க்கா." அடுத்ததைத் தொட்டாள். "சுத்தமா ஆகாதுங்க்கா." இன்னொன்றின் மேல் கை வைத்தாள். "ஐயோ, அதும் ஆகாதுங்க்கா!"

"இது உங்க பில்லுப் போடற மிஷினு, கண்ணு."

சமாளித்துக்கொண்டு நம்ம ஆளைக் கொண்டுவந்து வைத்தான். சிவப்பு, பச்சை, நீலம் என்று அது ஜொலித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த விளக்கெல்லாம் எதுக்குச் சாமி?" என்றாள் கனகா.

"கேம் ஆடறப்ப..." ஹரிஹரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "இல்லைங்க்கா, கரண்ட் போனா எழுத்து தெரியறதுக்கு."

"ஓஹோ. ஜீப்பு சீட்டு எண்ணறதுக்குத் தனியா கிராபிக்ஸ் கார்டு எதுக்குங்கோ?"

எனக்குத் திக்கென்றது. கேம் ஆடத்தான் வேண்டிய கிராபிக்ஸ் கார்டை இவள் எங்கே பார்த்தாள்?

"வேண்டியதில்லைதானுங்க்கா" என்றான் ஹரிஹரன். துரோகி.

"ரேம் பதினாறு ஜி.பி. இருக்கோணும். எஸ்.எஸ்.டி. இருக்கோணும். புராசஸர் பழசா இருக்கக் கூடாது. அதுல கஞ்சத்தனம் பண்ண மாட்டேன். பளபளப்புல கொறச்சுக்கலாம்."

பையன் எனக்காகக் கடைசியாக ஒரு முயற்சி செய்தான். "செஞ்ச ஆப்ப ஓட்டிப் பாக்க லேப்டாப்புக்குள்ளயே ஒரு டம்மிப் போனு ஓடணுமேக்கா. அதுக்குப் பெரிய மிஷினு வேணுமே?"

"டம்மி எதுக்கு? நெஜப் போனையே ஒயர்ல மாட்டி ஓட்டிப் பாத்துக்கலாமில்ல?"

"பாக்கலாங்க்கா. அதுதான் இன்னும் நல்லது."

"அப்ப மூலைல கறுப்பா இருக்குதே, அதக் குடு."

விளக்கெரிந்ததில் பாதி விலை. விளக்கு இல்லாதது மட்டுமல்ல, அதில் ஒரு பளபளப்புகூட இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் லேப்டாப் அவள் மடியில் இருந்தது. மலை ஏற ஏற எனக்குக் குளிர் எடுத்தது.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆப் செய்யறத மழைக்காலத்துல இருந்தே போன்ல படிச்சுட்டு இருக்கறேனுங்க. காதுல மாட்டிட்டுப் பாட்டுக் கேக்கறேன்னு நெனச்சீங்களாக்கும்? எழுதிப் பழக லேப்டாப் இல்லாம தவிச்சுப் போயிட்டேன்."

"கேட்டிருக்கலாமில்ல?"

"நானாக் கேட்டா, 'அப்ப எனக்கொண்ணு'ம்பீங்க. அதுலயும் விளக்கெரியறதா கேப்பீங்க. நல்லவேள, நீங்களே ஆப் செய்யோணும்னு ஆரம்பிச்சீங்க!" என்று சொல்லிவிட்டு லேப்டாப் பெட்டியைத் தடவிக் கொடுத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எனக்கு வயிறு எரிந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

போகட்டும், போனில் கார் ரேஸ் ஆடுவதை யார் தடுக்க முடியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வீடு வந்ததும் கனகா கையை நீட்டினாள்.

"உங்க போனக் குடுங்க. ஓட்டிப் பாக்க ஒரு நெஜப் போனு வேணுமில்ல?"

"உன் போன் என்னாச்சு?"

"அதுல பாடம் ஓடுதுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆப் தயார். என் போன் லேப்டாப்பில் ஒயரோடு கிடந்தது. அன்பழகன் வீட்டுக்கே வந்துவிட்டான். "அக்கா! ஆளு ஏறுதுன்னு தட்டத்தட்ட சீட்டு ஒண்ணொண்ணா நெறையுதே!" என்று குதித்தான். என் பக்கம் திரும்பி, "அண்ணா, கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது" என்றான்.

அப்போது பார்த்து என் போன் அடித்தது. லாட்ஜ் மேனேஜர். நான் கையை நீட்டினேன். கனகா என் கையைத் தட்டிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வணக்கமுங்க சார். அவரு போனு நொம்ப வேலையா இருக்குதுங்க. அவரு சும்மாதானுங்க இருக்காரு, இப்பவே அனுப்பி வெக்கறேனுங்க."