செனட்டர் தாலி கட்ட மறுத்த காலை

திருப்பதியைத் தாண்டி எங்கும் போகாத ஒரு மனிதர் அமெரிக்காவை நடத்திக்கொண்டிருந்தார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். புதுச்சேரி உழவர்கரையில் எங்கள் தெருவுக்கு வந்து விசாரித்துப் பாருங்கள்.

செனட்டர் என்றுதான் அவரைச் சொல்வோம். அசல் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். பஞ்சாலை மூடிய பிறகு வீட்டு வாசலில் தையல் மிஷின் போட்டவர். மகன் குமரன் டெக்சாஸில் இருக்கிறான். அவன் அந்த நாட்டுக் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தபோது அப்பாவும் சேர்ந்து படித்தார். மகன் பாஸ் செய்து படிப்பை நிறுத்திவிட்டான். அப்பா நிறுத்தவில்லை. துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் கேள்வி கேட்டார்; சரியாகச் சொன்னால்தான் துணி.

“செனட்ல மொத்தம் எத்தினி பேரு?”

தேங்காய்த்திட்டில் மீன் விற்கும் அஞ்சலை இரண்டு தடவை தப்பாகச் சொல்லித் திரும்பிப்போனாள். மூன்றாம் தடவை தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். “நூறு பேருய்யா, நூறு பேரு! ஜாக்கெட்ட குடு!” அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் செனட்டர்.

அந்த நாட்டில் ஓட்டு எண்ணிய தினத்தில் அவர் என் மனைவிக்கு ரவிக்கை தைத்தார். ஒரு கை முழங்கை வரை வந்தது. இன்னொன்று மணிக்கட்டு வரை போனது. மனைவி சண்டைக்குப் போனாள். “ஜார்ஜியாவுல இழுபறிம்மா, நான் இன்னா பண்றது?” என்றார், ஏதோ இவரே அங்கே மேஜை போட்டு எண்ணியவர்போல. எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. பெயரைக் கேட்டால் மட்டும் தலையைச் சொறிவார்.

சிரிப்பெல்லாம் வெளியில்தான். வீட்டுக்குள் ஒரு சங்கடம் இருந்தது. மகள் கவிதா நியூஜெர்சியில் வேலை விசாவில் இருந்தாள். கிரீன் கார்டுக்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். குமரனோ, வெளிநாட்டுக்காரர்களை இனி உள்ளே விடாதே என்று கோஷம் போடும் கூட்டத்தில் தொப்பி மாட்டிக்கொண்டு நின்று, அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டான்.

“நான் முறையா வந்தேன். எல்லாரும் முறையா வரட்டும்” என்றான் அண்ணன்.

“நானும் முறையாதான் நிக்கிறேன். நீ உள்ள பூந்துட்டு கதவச் சாத்துற” என்றாள் தங்கை.

அதோடு பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் செனட்டர் இருவருக்கும் தனித்தனியாக வீடியோ கால் போடுவார். “கவி உன்னைய விசாரிச்சுதுப்பா” என்று அவனிடம் சொல்வார். “அண்ணன் உன்னைய கேட்டுச்சும்மா” என்று இவளிடம் சொல்வார். இரண்டுமே பொய். இரண்டு வருஷம் சலிக்காமல் சொன்னார்.

போன தை மாதம் அவருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. குமரன் விமானம் ஏறி வந்துவிட்டான். கவிதாவால் முடியவில்லை, வந்தால் மறுபடி விசா முத்திரை வாங்கித்தான் திரும்பவேண்டும், கிடைக்காவிட்டால் வேலை போய்விடும் என்று பயம். செல்போனை ஒரு ஸ்டூல் மேல் சாய்த்துவைத்து, அதில் அவள் முகத்தைக் காட்டினார்கள்.

மாடியில் பந்தல். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். நாதஸ்வரம் உச்சிக்குப் போனது. செனட்டர் தாலியைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

“கட்டுங்கோ. நல்ல நேரம் முடியப்போறது” என்றார் ஐயர்.

“முடியட்டும் சாமி. புள்ளைங்க ரெண்டும் பேசிக்கிட்டாத்தான் கட்டுவேன்.”

நாதஸ்வரம் பாதியில் நின்றது. மணையில் பக்கத்தில் இருந்த அவர் மனைவி செல்வி அக்கா தலை குனிந்தபடியே முணுமுணுத்தார்: “மொத தடவையும் இந்தாளு லேட்டாதான் கட்டுனாரு.”

“அப்பா, எல்லாரும் பாக்குறாங்க” என்றான் குமரன்.

“பாக்கட்டுமே. எங்கப்பனும் பெரியப்பனும் ஒரே வயித்துல பொறந்தவங்கடா. இங்க பிரெஞ்சு ஆட்சி முடிஞ்சப்ப பெரியப்பா பிரெஞ்சுக்காரனாவே இருக்கேன்னு கையெழுத்துப் போட்டு அங்க போயிட்டாரு. எங்கப்பன் போடல. அந்தக் கோவத்துல சாவுற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கல. பெரியப்பா செத்த தந்தி வந்தப்ப எங்கப்பன் அத மடிச்சு சட்டப் பையில வெச்சிக்கிட்டு மில்லுக்குப் போயிட்டாரு. ராத்திரி சாப்புடல. மறுநாளும் சாப்புடல. அத பாத்து வளந்தவன்டா நான். நீ எந்த நாட்டுக்காரனா வேணா இரு. யாருக்கு வேணா ஓட்டுப் போடு. அது உன் தங்கச்சி.”

குமரன் மெதுவாகப் போய்ச் செல்போனை எடுத்தான்.

“கவி…”

“ம்.”

“உன் பாப்பா நடக்குதா?”

“நடக்குதுண்ணா. விழுது, எழுந்துக்குது.” திரையில் அவனை உற்றுப்பார்த்து, “நீ எளச்சிட்ட” என்றாள்.

“உன் பேப்பர்லாம் எந்த நிலைமையில இருக்கு?”

“அப்பிடியேதான் இருக்கு.”

குமரன் செல்போனை அம்மா கழுத்துப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, “தெரியுதா கவி? நல்லா தெரியுதா?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். செனட்டர் மூன்று முடிச்சையும் போட்டார்.

அண்ணனும் தங்கையும் அரசியலில் இன்றைக்கும் எதிரெதிர்தான் என்று கேள்வி. ஞாயிறுதோறும் போனில் நேரடியாகவே திட்டிக்கொள்கிறார்கள். செனட்டருக்குப் பொய் சொல்லும் வேலை மிச்சமானது.

அன்றைக்கு எல்லோரும் அட்சதை தூவினார்கள். நான் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் நாதஸ்வரக்காரர்கள் சாப்பிடவே போய்விட்டார்கள்.