செத்த சக்கரத்துக்கு உயிர் கொடுத்த பிரதர் வெர்னல்

ஞாயிற்றுக்கிழமை காலை. கென்டக்கி மலையடிவாரத்து ஊரில், கார் நிறுத்துமிடம் முழுக்கத் திருவிழாக் கூட்டம். இருபது வயதான ஸ்போர்ட்ஸ் கார்கள் மெழுகு பூசிப் பளபளத்தன. எல்லாவற்றுக்கும் ஒரே நோய். டயரில் காற்று குறைந்தால் சொல்லவேண்டிய சென்சார் செத்துப்போய், மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தது.

புதுசு மாட்டினால் தீர்ந்தது. மாட்டமாட்டார்கள்! தொழிற்சாலையில் போட்ட சாமானை மாற்றினால் பழைய கார் கண்காட்சியில் மதிப்பெண் குறையுமாம். டயருக்குள் கிடப்பதை எந்த நடுவர் எட்டிப் பார்க்கப் போகிறார் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

இவர்களுக்கென்றே வந்து சேர்ந்தார் பிரதர் வெர்னல். கையில் செம்பு வளையம். சென்சாருக்குள் செத்துப்போன பேட்டரிக்கு உயிர் கொடுப்பாராம். காணிக்கை நாற்பது டாலர்.

"எல்லாரும் கண்ண மூடுங்க! பார்த்தா சக்தி ஓடிப்போயிரும்!"

மூடினார்கள். பிரதர் காருக்குள் தலையை விட்டார். திறந்து பார்த்தால் விளக்கு அணைந்திருந்தது. அல்லேலூயா!

லீலண்ட் டாக்கெட்டின் சிவப்புக் காரிலும் அணைந்தது. நாளை மனைவி ஓபலோடு மலைப்பாதை ஏறிக் கண்காட்சிக்குப் போகவேண்டும். மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பார்த்தியா ஓபல்! உயிர் வந்துருச்சு!"

முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் ஓபல். "உயிர் வந்தா வாய் தெறந்து பேசணும்ல? ஒரு டயர்ல காத்த இறக்குறேன். விளக்கு எரியுதான்னு பாரு."

"சந்தேகப்பட்டா சக்தி போயிரும் சிஸ்டர்!" என்றார் வெர்னல்.

"போனா என்ன? நீங்கதான் இங்கேயே நிக்கிறீங்களே, இன்னொரு தடவை ஏத்திவிடுங்க."

பின்சக்கரத்தில் அழுத்தம் பார்த்தவள் குனிந்து, டயரில் குத்தியிருந்த ஆணியைத் தொட்டாள். முப்பது இருக்கவேண்டிய இடத்தில் பதினாறு.

"நான் இறக்கவே வேணாம்யா. ஆணி ஏற்கெனவே இறக்கி வச்சிருக்கு. உன் விளக்கு என்ன சொல்லுது?"

விளக்கு ஊமையாக இருந்தது. லீலண்ட் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்புமுன் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒருமுறை மின்னும். மின்னின. அந்த ஒன்றைத் தவிர.

"பல்பே இல்ல!"

பிரதர் நைசாக நழுவப் பார்த்தார். லீலண்ட் பாய்ந்து கோட்டைப் பிடித்து இழுக்க, பை கிழிந்து பொலபொலவென்று கொட்டின பல்புகள். பதினொன்று. அன்று காலை 'உயிர் பெற்ற' கார்களும் பதினொன்றுதான்.

"நாளைக்கு மலைப்பாதை வளைவுல என் பொண்டாட்டியக் கொன்னிருப்பியேடா, பாவி!"

கூட்டம் குனிந்து அவரவர் பல்பைத் தேடியது. அப்போதும் ஒருவர் கேட்டார்: "இதுல என்னோட ஒரிஜினல் பல்பு எது?"

"ஒரிஜினலா ஆளுக்கொரு மூளையும் வந்துச்சே," என்றாள் ஓபல். "தேயக்கூடாதுன்னு அதையும் பத்திரமாப் பூட்டி வச்சிருக்கீங்களா?"