இலவசத் திட்டத்தில் ஓடிய எங்கள் மோட்டார்

இலவசமாகக் கிடைக்கிற எதையும் யாரும் படித்துப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அதனால்தான் ஒரு நாள் காலை, கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை லாக்கர் முன்னால் நின்றபடி, திருப்பாச்சூர் பக்கத்தில் தேவகி அக்காவின் விளைந்த நெல்லுக்குள் தண்ணீர் விட்டேன். மண்வெட்டி இல்லை, ஆள் இல்லை, ஒரே ஒரு விரல்தான். (விரல் மேல் தப்பில்லை என்று இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எடுபடவில்லை.)

அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் வேலை. கவரைப்பேட்டையில் பிரான்சிஸ் என்ற நண்பனோடு ரூம். வார லீவுக்குத்தான் வீட்டுக்குப் போவேன். அந்த வருஷம் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது. "வரப்புல நடக்கவே கூடாது" என்று டாக்டர் சொன்னார். நைனா பெரிய மரியாதையோடு தலையாட்டிவிட்டு, தையல் பிரித்த கையோடு கோலை ஊன்றிக்கொண்டு மோட்டார் போடக் கிளம்பினார். மடையில் சறுக்கி உட்கார்ந்தவரை நாலு பேர் தூக்கிவந்தார்கள். அம்மா போனில் அழுதாள்.

அங்கேதான் எனக்குள் இருந்த டிப்ளமோ விழித்துக்கொண்டது.

அம்மாவின் மூடி போட்ட டிபன் டப்பா ஒன்றைத் திருடி, அதற்குள் ஒரு சிம் கார்டு, ஒரு சின்ன போர்டு, சுவிட்சைத் தானே தட்டுகிற ஒரு ரிலே எல்லாவற்றையும் அடைத்து மோட்டார் கொட்டாயில் மாட்டினேன். நான் போனில் ஆன் அழுத்தினால் அந்தச் சேதி எங்கோ வெளிநாட்டில் இருக்கிற ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்து திரும்பி எங்கள் கொட்டாய்க்கு வரும். மோட்டார் ஓடும். இதற்குத்தான் கிளவுட் என்று பெயர். தங்கள் கம்ப்யூட்டரில் நமக்கு இடம் கொடுக்கிற அந்தக் கம்பெனி, சின்ன ஆட்களுக்கு இலவசத் திட்டம் ஒன்று வைத்திருந்தது. 'என்றும் இலவசம்' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தார்கள். என்றும் என்றால் என்றும்தானே என்று நினைத்தேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் வயசு.

அதோடு விட்டேனா? டப்பா அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை 'நான் இருக்கேன்' என்று சேதி அனுப்பும்படி வேறு செய்தேன். எதற்கு? கேன்டீனில் போனை எடுத்துக் காட்டத்தான். "பாருடா, எங்க மோட்டார் உயிரோட கீது" என்று. பிரான்சிஸ் ஒவ்வொரு முறையும் சாம்பார் வாளியைப் பார்த்தபடியே "சூப்பர்" என்பான்.

என் புத்திசாலித்தனத்தின் உச்சம் இன்னும் சொல்லவில்லை. நைனா மறுபடி அங்கே போய்விடக் கூடாதே என்று, திருவள்ளூர் பஜாரில் இருப்பதிலேயே கனமான பூட்டாக வாங்கி, கொட்டாயைப் பூட்டி, சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டு கவரைப்பேட்டைக்கு வந்துவிட்டேன்.

எங்கள் கழனிக்குக் கீழே இருப்பது தேவகி அக்காவின் கழனி. அவர் வீட்டுக்காரர் ஆந்திரா பக்கம் லாரி ஓட்டுகிறார். அதனால் ஏர் முதல் அறுப்பு வரை அக்காதான். அந்தப் போகம் அவர் முந்தி நட்டுவிட்டார். எங்கள் பயிர் அப்போதுதான் கதிர் வாங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் கட்டாயம் வேண்டும். அவருடையதோ பழுத்துத் தலை சாய்ந்து நின்றது, ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகாது. அறுப்பு வண்டிக்கு அலையாய் அலைந்து, கடைசியில் அந்த வாரத்தில் ஒரு காலைக்கு முறை வாங்கியிருந்தார். தவறவிட்டால் வண்டி பள்ளிப்பட்டு பக்கம் போய்விடும். திரும்பி வருவதற்குள் நெல் கொட்டிப்போகும். லீவு முடிந்து நான் கிளம்பும்போதே எனக்கு எச்சரிக்கை கொடுத்துத்தான் அனுப்பினார்.

"டேய் முரளி, வண்டி வர்ற வரிக்கும் என் கழனி காஞ்சி கிடக்கணும். உன் தண்ணி மட்டும் வரப்பு தாண்டி வந்துச்சின்னு வெச்சிக்கோ, உங்க ஊட்டு வாசல்ல வந்து ஒக்காந்துக்குவேன். மூணு வேளையும் நீதான் சோறு போடணும்."

"அக்கா, நான் போன்லயே நிறுத்திடுவேன். கவலையே படாதீங்க" என்றேன். அந்தக் குரலில் இருந்த பெருமையை இப்போது நினைத்தால் முதுகில் நாமே ஒன்று வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அறுப்புக்கு முந்தின நாள் காலை, ஷிப்டில் டீ இடைவேளை. வேலை நடக்கும் இடத்துக்குள் போன் கூடாது என்பதால் லாக்கரில் வைத்திருப்போம். எடுத்து ஆன் அழுத்தினேன். மோட்டார் ஓடியது. கொஞ்ச நேரம் பாய்ந்தால் போதும். பிறகு, வயிறு சரியில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வந்து ஆஃப் அழுத்தினேன்.

'உங்கள் இந்த மாத இலவச அளவு முடிந்துவிட்டது. தொடர, உங்கள் திட்டத்தை மேம்படுத்திக்கொள்ளுங்கள்' என்று இங்கிலீஷில் வந்தது. பக்கத்தில் பலூன் படம் வேறு.

மறுபடி அழுத்தினேன். மறுபடி பலூன்.

மெயிலைத் திறந்தேன். அந்தக் கம்பெனி எனக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டிருந்தது. முதல் கடிதத்தின் தலைப்பு 'ஒரு சந்தோஷமான செய்தி'. அடுத்தது 'உங்களுக்காக எங்கள் திட்டங்களை எளிமையாக்குகிறோம்'. அப்புறம் 'ஒரு சின்ன நினைவூட்டல்'. எதிலும் தலைப்பில் குறைக்கிறோம் என்ற வார்த்தை இல்லை. கல்யாணத் தரகர் மாப்பிள்ளையின் சம்பளம், சொந்த வீடு எல்லாம் சொல்லிவிட்டு, எழுந்து செருப்பு மாட்டும்போது "அப்பப்ப கொஞ்சம் தண்ணி போடுவாரு" என்பாரே, அது மாதிரி கடைசி பாராவில் இருந்தது விஷயம். இனி மாதத்துக்கு இவ்வளவு சேதிதான் இலவசம். என் டப்பா 'நான் இருக்கேன், நான் இருக்கேன்' என்று சொல்லிச் சொல்லியே அத்தனையையும் தின்று தீர்த்திருந்தது. மிச்சமிருந்த ஒன்றில் நான் ஆன் போட்டிருக்கிறேன்.

சரி, பணத்தைக் கட்டித் தொலைப்போம் என்றால், என் கார்டு வெளிநாட்டுக்குச் செல்லாது. பிரான்சிஸைக் கூப்பிட்டு அவன் கிரெடிட் கார்டைப் போட்டோம். பணம் போய்விட்டது. 'நன்றி! புதிய திட்டம் அடுத்த மாதம் முதல் தொடங்கும்' என்று வந்தது. உதவி வேண்டுமா என்று கேட்ட பெட்டியில், மோட்டார் நிற்கவில்லை, பக்கத்துக் கழனி மூழ்குகிறது என்று தட்டினேன். 'வணக்கம் முரளி! உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. இந்தக் கட்டுரை உதவியாக இருந்ததா?' என்றது அந்த மெஷின்.

வேறு வழியில்லாமல் ஊர் லைன்மேனுக்கு போன் போட்டேன். "அண்ணே, எங்க லைன்ல கொஞ்சம் கரண்ட நிறுத்துங்கண்ணே" என்றேன்.

"யோவ், கரண்ட் இல்லன்னு எங்கம்மாவ வரிக்கும் திட்டிக்கீறாங்க. கரண்ட் இன்னாத்துக்கு கீதுன்னு கேட்டவன் நீ ஒருத்தன்தான்யா. நான் பூண்டி ஏரிப் பக்கம் கீறேன், வர்றதுக்கு நேரமாவும்" என்றார்.

கடைசியில் நைனாவைக் கூப்பிட்டேன். "நைனா, மோட்டார நிறுத்தணும்."

"நிறுத்து. நீதான் போன்ல நிறுத்துவியே."

"போன்ல முடியல நைனா."

"அப்ப நான் போறேன். சாவி எங்க?"

இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். "எங்கிட்டதான் கீது நைனா" என்றேன். அந்தப் பக்கம் கோல் தரையில் ஊன்றும் சத்தமும், "இந்தக் காலோட எங்க கிளம்பிட்ட?" என்று அம்மா கத்துவதும் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெல் போனால் ஈடு கட்டலாம், நைனா மறுபடி மடையில் விழுந்தால் என்ன செய்வேன்? வெட்கத்தை விழுங்கிவிட்டு தேவகி அக்காவுக்கே அடித்தேன்.

"அக்கா, ஒரு சின்ன பேஜாரு ஆயிடிச்சி..."

"சின்னதா? இங்க வரப்பு மேல நின்னுக்கினு கீறேன்டா! என் கழனில இன்னா மீன் வளக்கலாம்னு கீற, கெண்டையா, விராலா?"

"பூட்ட ஒட்ச்சிடுங்கக்கா. உள்ள மெயின் சுவிட்ச கீழ இழுத்துடுங்க. நைனா வேற கிளம்பிட்டாரு, அவர வரப்புல எறங்க உடாதீங்க."

"போன வையிடா சோம்பேறி" என்றார். (நான் சோம்பேறி இல்லை. ஆனால் அது விவாதத்துக்கான நேரம் இல்லை.)

பிறகு நடந்தது நைனா சொல்லித்தான் தெரியும். அக்கா கடப்பாரையால் பூட்டை அடி அடியென்று அடித்திருக்கிறார். பஜாரிலேயே கனமான பூட்டு அல்லவா, அது அசையவில்லை. கதவுதான் கீலோடு பெயர்ந்து வந்துவிட்டது. மெயினை இழுத்து மோட்டாரை நிறுத்திவிட்டு, போகிற போக்கில் டிபன் டப்பாவுக்கும் ஒரு போடு போட்டிருக்கிறார். நைனாவை ரோட்டோரத்திலேயே ஒரு கல்லில் உட்காரவைத்து, "பெரிப்பா, எழுந்தேன்னா ஒனக்கும் உண்டு" என்று கடப்பாரையைக் காட்டியிருக்கிறார்.

அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு பிரான்சிஸின் பைக்கில் வந்து சேர்ந்தோம். வாழ்க்கையில் நான் அவ்வளவு மெதுவாக வண்டியிலிருந்து இறங்கியதில்லை. அக்கா மண்வெட்டியை மட்டும் நீட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரப்பை வெட்டி, சாயங்காலம் வரை தண்ணீரைக் கால்வாய்க்கு வடித்தோம். நைனா கல்லில் உட்கார்ந்தபடியே விசாரணையைத் தொடங்கினார்.

"நம்ம மோட்டாருக்கு கவர்மெண்ட்டு கரண்ட்ட இலவசமா குட்த்துக்கினு கீது. மீட்டர் வெக்கப்போறாங்கன்னு ஒரு பேச்சு வந்தாலே ஊரே ரோட்ல ஒக்காருது. உன் கம்பெனிக்காரன் மீட்டர் வெச்சிருக்கான், ஒருத்தனும் மறியல் பண்ணலியா?"

"அவன் ஆபீஸ் அமெரிக்கால கீது நைனா."

நைனா தீவிரமாக யோசித்தார். "அப்ப திருவள்ளூர்ல எங்க ஒக்கார்றது?" என்றார்.

அக்கா அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் வண்டி வந்தது. கடவுள் புண்ணியத்தில் பெரும்பகுதி காய்ந்திருந்தது, அறுத்துவிட்டார்கள். பள்ளமான ஒரு மூலையில் மட்டும் சேறு. டயர் புதையும் என்று டிரைவர் மறுத்துவிட்டான். அந்த மூலையை நானும் பிரான்சிஸும் அரிவாள் பிடித்து அறுத்தோம். "எங்கப்பா கூலிக்கு அறுத்தாரு. இத செய்யக் கூடாதுன்னுதான்டா என்ன ஐடிஐ படிக்க வெச்சாரு. திரும்ப இங்கியே இட்டாந்துட்டியேடா" என்று அவன் புலம்பிக்கொண்டே அறுத்தான். ஆனால் என்னைவிட வேகமாக அறுத்தான். முடித்ததும் அக்கா முதலில் அவனுக்குத்தான் மீன்குழம்பு ஊற்றினார். எனக்கு ஊற்றும்போது கரண்டி கொஞ்சம் யோசித்தது.

ஈடு எதுவும் அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. சொன்னபடி எங்கள் வாசலில் வந்து உட்காரவும் இல்லை. இரண்டு நாள் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து நிஜமான மனிதர் ஒருவர் பதில் எழுதினார். மனசாரத்தான் வருத்தப்பட்டிருந்தார், பணத்தையும் திருப்பிவிட்டார். பாவம், விலையை ஏற்றியவர் அவரா? அவரும் எங்கோ ஷிப்ட் பார்க்கிற பிள்ளைதான். காலத்துக்கும் சும்மா கொடுக்க அவர்களுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? எனக்கு இருந்த ஆதங்கம் ஒன்றுதான். குறைக்கப்போகிறேன் என்பதைக் குறைக்கப்போகிறேன் என்றே சொல்லியிருக்கலாம்.

அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒருவருக்குத் தெரியும். அன்றிலிருந்து எங்கள் மோட்டாரைப் போட்டு நிறுத்துவது தேவகி அக்காதான். நான் போன் பண்ணினால் போதும், சுத்தமாக இலவசம். ஒரு தை மாதம் அவர் தன் திட்டத்தில் மாற்றம் செய்தார். வேகாத வெயிலில் எங்கள் வாசலுக்கு வந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்கு எதிரில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"டேய்! என் பொண்ணுக்குப் பிரசவம். வர்ற வெள்ளிக்கிழமைலேர்ந்து நான் இங்க இருக்க மாட்டேன். உன் மோட்டாருக்கு வேற ஆளப் பாத்துக்கோ. சொல்லல, கேக்கலன்னு அப்புறம் சொன்ன, கடப்பாரை இன்னும் ஊட்லதான் கீது!"

"பாத்தியா, இதான் நோட்டீஸு" என்றார் நைனா.

கல்யாணமாகி என் மனைவியை முதல் தடவை கழனிக்குக் கூட்டிப்போன அன்று, அக்கா அவள் கையைப் பிடித்துத் தனியாக அழைத்துப்போய் வெகுநேரம் ஏதோ சொன்னார். புதுப்பெண்ணுக்கு நல்ல புத்தி சொல்கிறார் என்று நான் பூரித்து நின்றேன். அன்று முதல் எங்கள் வீட்டில் எந்த மாற்றமும் எனக்கு மெதுவாகச் சொல்லப்படுவதில்லை. போன வாரம்கூட, நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் திரையை மறைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நாளைலேர்ந்து எனக்கு காலை ஷிப்ட். நாஷ்டா நீங்கதான் செய்யணும். சந்தோஷமான செய்தி எல்லாம் ஒண்ணும் கிடையாது. காதுல விழுந்துச்சா?"

விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கூட "விழுந்துச்சிம்மா" என்றார்.